கப்பித்தானுக்கு அடித்த மணி

சோளகம் ஓய்ந்த முதல் விடியல் அது. ஆனியில் தொடங்கிய காற்று நெடுந்தீவின் மேற்குக் கரையில் புழுதியை அள்ளி அள்ளிக் கொட்டிவிட்டு, முந்தைய நாள் பின்னேரம்தான் ஒருவழியாகக் களைத்துப் படுத்தது. அதுவரை வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. மீன் பிடிக்கிற சனம் கடையில் தகரத்தில் அடைத்த ரின்மீன் வாங்கித் தின்றது. வாங்கியதைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ள அன்று காலை ஆண்கள் எல்லாரும் கரையில் நின்றார்கள். எஞ்சின்களைத் தோளில் சுமந்து வந்து பூட்டி, வலைகளை ஏற்றி, முதல் வள்ளத்துக்குத் தோள் கொடுத்த நேரத்தில் சூசையப்பர் கோவிலில் துக்கமணி அடித்தது.

ஒரு அடி. நல்ல இடைவெளி விட்டு இன்னொரு அடி. பூசைக்கு அடிக்கிற மணி துள்ளி ஓடும். இது நடக்க மனமில்லாமல் நடக்கும். கைக்குழந்தைகூட இரண்டையும் பிரித்தறியும்.

துக்கமணி அடித்தால் அடக்கம் முடியும்வரை அந்தக் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை அது. எழுதிவைத்திருந்தால் யாராவது ஒருவன் எப்போதோ மீறியிருப்பான். மணி கேட்டதும் வள்ளத்திலிருந்து தோள்கள் தாமாகவே விலகின. எல்லாரும் சங்கத் தலைவர் டெனிஸ்ரனைப் பார்த்தார்கள். அவனுடைய தாய் றோசம்மா மாரியிலிருந்து படுக்கையில். மணி அடிப்பதென்றால் அவளுக்குத்தான் அடிக்கவேண்டும்.

டெனிஸ்ரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவனுக்கு முன்னமே பெண்கள் படலையடியில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியிருந்தார்கள். அவன் மனைவி நிரோஜினி குசினி வாசலில் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். உள்ளே கட்டிலில் றோசம்மா எழுந்திருந்து, தேத்தண்ணிக்கு என்ன சுணக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அவளுக்கும் கேட்டிருந்தது. ஆர் செத்தது என்று வந்தவர்களிடம் விசாரித்தாள். இதற்குள் யாரோ கைவிரல் சும்மா இராமல் பாரிசுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து மூத்த மகன் போனில் குழறினான். றோசம்மா போனை வாங்கினாள்.

“நான் சாகேல்லை மோனை. ஆனால் நீ அழுதது வடிவாய்க் கிடந்தது. பிறகும் ஒருக்கால் எடு.”

அழ வந்த பெண்கள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும்தான், அப்படியானால் மணி யாருக்கு என்ற கேள்வி வந்தது. சனம் கோவிலுக்குத் திரும்பியது.

கோவிலின் திறப்புக்கொத்தும் மணியும் எமிலியானுசின் பொறுப்பு. அவர்தான் அங்கே சங்கிலித்தாம். பங்குச் சுவாமிக்குப் பூசைச் சாமான் எடுத்துவைப்பதிலிருந்து மெழுகுதிரி அணைப்பதுவரை எல்லாம் அவர் வேலை. ஆனால் அன்று மணிக்கூண்டின் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றது அவர் மனைவி மேரிறோஸ். தலைமுடியை இறுக்கி முடிந்து, சட்டையின் மேல் துவாயைப் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போக ஆயத்தமானவள் மாதிரி நின்றாள். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“மணி நான்தான் அடிச்சனான்,” என்றாள். “எங்கடை கப்பித்தானுக்கு.”

டெனிஸ்ரன்தான் கேட்டான்.

“குதிரைக்கோ அக்கா?”

“ஓம். குதிரைக்குத்தான்.”

தீவின் தெற்கு வெளிகளில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிவதை எல்லாரும் அறிவார்கள். அவற்றுக்கு ஆளுமில்லை, தொழுவமுமில்லை. கப்பித்தான் அந்தக் கூட்டத்தில் பிறந்தது. தண்ணீர் வற்றிப்போன ஒரு ஆவணியில், காய்ந்த குளத்தின் நடுவில் செத்துக் கிடந்த தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றதை விறகு பொறுக்கப் போன மேரிறோஸ் கண்டாள். விறகைப் போட்டுவிட்டுக் குட்டியைத் தோளில் சுமந்து வந்தாள். ஆட்டுப்பால் கொடுத்தாள், ஆடு மறுத்த நாட்களில் பால்மா கரைத்துக் கொடுத்தாள். அதில் ஏதோ குறை இருந்திருக்கவேண்டும். மட்டக்குதிரையிலும் மட்டமாக, அவள் இடுப்பளவுக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. உயரம் இல்லாவிட்டாலும் மிடுக்குக்குக் குறைவில்லை. எங்கே போனாலும் ஆட்களுக்கு முன்னால்தான் நடக்கும். கப்பல் ஓட்டுகிறவரைக் கப்பித்தான் என்பார்கள்; எமிலியானுஸ் பகிடிக்கு அந்தப் பெயரை வைத்தார், அது ஒட்டிக்கொண்டது.

எமிலியானுஸ் பழைய சைக்கிள் சில்லுகளில் அதற்கென்று ஒரு குட்டி வண்டில் செய்தார். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் குழாயடியிலிருந்து கலன்களை ஏற்றிக்கொண்டு அது வீடுவீடாகப் போகும். யாருக்குத் தண்ணீர், யாருக்கு இல்லை என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. எல்லாப் படலையிலும் நிற்கும். வீட்டுக்காரி வந்து முகத்தைத் தடவினால்தான் நகரும். வேலையில்லாத நாளிலும் அதே ஒழுங்கையில் அதே மாதிரி வெறுமனே போய்வரும். கொடியில் காய்ந்த சேலைத் தலைப்புகளைத் தின்றது. கோவில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியில் வாய் வைத்துக் குடித்தது. அதற்காகச் சுவாமி ஒரு மூடி செய்வித்தார். வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கப் பக்கத்தில் வந்தால் கடித்தது. ஊர்க்காரரைக் கடித்ததில்லை.

அப்படிப்பட்டது நாலைந்து நாளாகத் தவிட்டுத் தண்ணியைத் தொடாமல், அன்று விடியும் நேரம் வளவுக்குள்ளேயே கால் மடிந்து விழுந்து செத்துப்போயிற்று.

தீவில் ஒரு மட்டக்குதிரை செத்தால் நடப்பது ஒன்றுதான். வெளியில் செத்தால் அங்கேயே கிடக்கும். வளவில் செத்தால் கயிறு கட்டி வெளிக்கு இழுத்துப் போவார்கள். மிச்சத்தை நாயும் காகமும் பார்த்துக்கொள்ளும். அந்தக் கோடையில் மேரிறோஸ் வெளிப்பக்கம் போனபோதெல்லாம் அதைப் பார்த்திருந்தாள். கப்பித்தானுக்கு அது நடக்கவிடுவதில்லை என்று, அது தீனைத் தொடாத முதல் நாளே முடிவெடுத்துவிட்டாள்.

“எங்கடை வளவிலை ஒரு முழத்துக்குக் கீழை முழுக்கக் கல்லு,” என்று அவள் சனத்துக்குச் சொன்னாள். “இவருக்கு முதுகு ஏலாது. நான் தனியக் கிண்டவும் ஏலாது. வந்து ஒரு கிடங்கு வெட்டித் தாங்கோ எண்டு வீடு வீடாய் வந்து கேட்டிருந்தால், கடல் படுத்த நாளிலை உங்களிலை ஆர் வந்திருப்பியள்? நாளைக்கு வாறம் எண்டிருப்பியள். நாளைக்கு நாய் வந்திடும். அதுதான் மணியை அடிச்சனான்.”

இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வந்தது. வேறு சிலருக்கு, கோபிப்பதா மெச்சுவதா என்று தெரியவில்லை. டெனிஸ்ரனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தாயைச் சாகடித்துவிட்டார்கள், தொழிலையும் கெடுத்துவிட்டார்கள்.

“உங்களுக்கு விசரே அக்கா? துக்கமணி எண்டால் என்னெண்டு தெரியாதே? அது மனுசருக்கு அடிக்கிறது. மிருகத்துக்கு அடிச்ச மணி மணியில்லை. நாங்கள் கடலுக்குப் போறம்.”

“போம் தம்பி,” என்றாள் மேரிறோஸ். “நான் மறிக்கேல்லை. அடிச்ச மணியைத் திருப்பி எடுக்க எனக்கு ஏலாது. அது கேட்காத மாதிரிப் போக உமக்கு ஏலுமெண்டால் போம்.”

சுவாமியிடம் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் நின்றார். போனில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் இருமினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. மணி கோவிலுடையது, அதை எடுத்து அடித்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மேரிறோசோடு தான் கதைப்பதாகச் சொன்னார். ஆனால் மணி அடித்தால் கடலுக்குப் போகக்கூடாது என்பது திருச்சபையின் கட்டளை அல்ல, அது உங்கள் கரையின் கட்டளை, அதை நீங்கள்தான் தீர்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

டெனிஸ்ரன் கரைக்குப் போனான். தன் வள்ளத்தின் அணியத்தில் தோளைக் கொடுத்து, தள்ளுங்கோடா என்றான். பின்னால் வந்தவர்கள் தள்ளாமல் நின்றார்கள். ஒருவன் எஞ்சினைத் திரும்பவும் துடைத்தான். இன்னொருவன் சுருட்டுப் பற்றவைத்தான். அடங்காத மணி என்று அவர்கள் சொல்வார்கள். அடக்கம் நடக்காமல் மணி அந்தரத்தில் நிற்கும்போது கடலில் கால் வைத்தவன் என்ன ஆவான் என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் வைத்ததில்லை. முதல் ஆளாக வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் விருப்பமில்லை. வள்ளமோ ஒருவன் தள்ளி நகர்கிற சாமான் அல்ல. டெனிஸ்ரன் தனியாக முக்கினான். அது அசையவில்லை.

நிரோஜினி கரைக்கு வந்து, புருசனுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

“அடக்கம் முடிஞ்சால் போகலாம்தானே. போய் அடக்குங்கோவன்.”

அவன் அவளை முறைத்தான். கடலைப் பார்த்தான். கடல் படுத்த படுக்கையிலேயே கிடந்தது. மத்தியானத்துக்குள் கிடங்கு வெட்டி முடித்தால் கிட்டக் கடலுக்காவது போய்வரலாம். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் அவன் வீட்டுக்குப் போய் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கரையோர மணலில் தாட்டால் அரை மணித்தியாலத்தில் வேலை முடியும் என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். மணலில் தாட்டால் இரவைக்கே நாய் கிளறிப்போடும் என்று மேரிறோஸ் மறுத்தாள். இடத்தையும் அவளே காட்டினாள்: வளவின் மேற்கு மூலை, வண்டில் விடுகிற கொட்டிலுக்குப் பக்கம். எமிலியானுஸ் குதிரையின் தலைமாட்டில் முக்காலி போட்டு இருந்து துவாயால் மொய்த்த இலையானைக் கலைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. எழும்பி உதவவும் முதுகு விடவில்லை. வாறவர்களுக்கு எல்லாம் வாங்கோ, வாங்கோ என்று மட்டும் சொன்னார். அவரே பெரிய சாவீட்டுக்காரர் மாதிரித்தான் இருந்தார்.

மேல்மண் ஒரு முழம்கூட இல்லை. அதன் கீழே முருகைக்கல். அலவாங்கு விழுந்ததும் தீப்பொறி பறந்தது. ஒருவன் குத்த, ஒருவன் பிக்காசால் கிளப்ப, மற்றவர்கள் கையால் கல்லைத் தூக்கி வெளியே அடுக்கினார்கள். வெயில் ஏறியது. ஒருவன் களைத்து ஏறினால் அடுத்தவன் இறங்கினான். டெனிஸ்ரன் மட்டும் ஏறவில்லை. கோபத்தை எல்லாம் கல்லில் காட்டினான். அந்தக் கிடங்கில் பாதி அவன் கோபத்தால் வெட்டுப்பட்டதுதான்.

மணிச்சத்தம் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று தீவின் உட்பக்கத்திலிருந்து கனகசபை சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டக்காரர். கடலும் மணியும் அவரைக் கட்டாது. கப்பித்தான் அவருடைய கல்வேலியில் முதுகை உரஞ்சி உரஞ்சி நாலு தரம் விழுத்தியிருந்தது. செத்தது யாரென்று தெரிந்ததும் அவர் கொஞ்ச நேரம் வேலியோரமாக நின்றார். பிறகு சேட்டைக் கழற்றிச் சைக்கிளில் போட்டுவிட்டு வந்தார்.

“குதிரை தள்ளி விழுத்தினது காணாமல் குழியும் பறிச்சுதாம் எண்டு சொல்லக் கேட்டனான்,” என்றார். “இஞ்சை என்னெண்டால் குதிரைக்கு நாங்கள் குழி பறிக்கிறம். விடுங்கோ, நானும் ரெண்டு குத்துக் குத்துவம்.”

கிடங்குக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அதன்பிறகு வாய்கள் திறந்தன. போன மாரியில் வண்டிலோடு ஓடையில் இறங்கி, தண்ணீர் வடியும்வரை ஏறமாட்டேன் என்று நின்றதை ஒருவன் சொன்னான். தன் கலியாணத்தன்று ஊர்வலத்துக்கு முன்னால் வந்து நின்று, அது நடந்தால்தான் மாப்பிள்ளை நடக்கலாம் என்று ஆக்கியதை இன்னொருவன் சொன்னான். பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களிடம் கப்பித்தானைப் பற்றி ஆண்களைவிடக் கூடுதலான முறைப்பாடுகள் இருந்தன. முறைப்பாடு சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியும் போய் அதன் நெற்றியை ஒருதரம் தடவிவிட்டு வந்தாள். மேரிறோஸ் இது எதிலும் சேரவில்லை. கிடங்கின் ஆழத்தைத் தடியால் அளந்து, இன்னும் வேணும், இன்னும் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியபோது ஆழம் அவளுக்குப் பிடித்தது. பழைய வலையொன்றை விரித்துக் கப்பித்தானை அதில் ஏற்றி, இரண்டு தண்டுகளில் கட்டித் தூக்கினார்கள். உயிரோடு இருந்தபோது தெரியாத பாரம். மெதுவாக இறக்கினார்கள். எமிலியானுஸ் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை மேலே போட்டார். ஆண்கள் தலைத்துவாயை எடுத்தார்கள். ஒரு கிடங்கைச் சுற்றி நின்றால் கை தானாகக் குவிகிறது. யாரோ ஒருவர் செபத்தைத் தொடங்கினார்.

“செபம் வேண்டாம்,” என்றாள் மேரிறோஸ். “செபம் எங்களுக்கு. அது ஒரு பாவமும் செய்யேல்லை.”

“என்ரை கூறைச்சேலையைத் திண்டது பாவமில்லையோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எமிலியானுசும் சிரித்தார், சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். டெனிஸ்ரன் மண் போடவில்லை. மண்வெட்டியை எடுத்து மூடத் தொடங்கினான். கிளப்பிய கல்லையெல்லாம் மேலே இறுக்கி அடுக்கியதும் அவன்தான். நாய் என்ன, மாடுகூட அதை அசைக்கமுடியாது.

மேரிறோஸ் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்துப் புருசனிடம் கொடுத்தாள். எமிலியானுஸ் கோவிலுக்கு நடந்து போய் அடக்கமணியை ஒருதரம் அடித்தார். ஆண்கள் கடலில் இறங்கித் தலை முழுகி, அப்படியே ஈரத்தோடு வள்ளங்களைத் தள்ளினார்கள். இந்தமுறை எல்லா வள்ளங்களும் தண்ணீரில் இறங்கின.

இருவரும் தனியானதும் எமிலியானுசுக்குப் பசித்தது. விடியற்காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. கொஞ்சம் கஞ்சியாவது வையுமன் என்று மனைவியிடம் கேட்டார். சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று மேரிறோஸ் சொன்னாள்.

“அயலுக்கை கொண்டு வருவினம். இரும்.”

எமிலியானுஸ் இருந்தார். கிடங்கு வெட்ட வந்தது வேறு, சாப்பாடு கொண்டு வருவது வேறு என்று அவருக்குத் தெரியும். வெட்ட வந்தது கடலுக்குப் போகவேண்டும் என்பதற்காக. சாப்பாடு கொண்டு வந்தால், இந்த வீட்டில் ஒரு சாவு நடந்தது என்று அயல் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு குதிரைக்காக யார் அப்படி ஒப்புக்கொள்ளப் போகிறார்கள்? மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இதை அவர் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். மேரிறோஸ் முற்றத்தைக் கூட்டினாள். கூட்டி முடித்துவிட்டுப் பாயைப் போட்டு, வருகிறவர்கள் இருப்பதற்கென்று இரண்டு கதிரையையும் எடுத்து வெளியே வைத்தாள். அவளுக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

பொழுது படும் நேரம் வள்ளங்கள் திரும்பின. கிட்டக் கடலில் போட்ட வலையிலேயே விளைமீனும் கீளியும் நிறைந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குசினியிலிருந்தும் மீன் குழம்பு மணந்தது. இத்தனை நாள் காத்திருந்த மணம். ஒழுங்கை முழுவதும் கோப்பைச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. மேரிறோசின் படலையை ஒருவரும் திறக்கவில்லை. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. எமிலியானுஸ் அவளைப் பார்க்காமல் கொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாக இருட்டியபிறகு படலை கிறீச்சிட்டது. நிரோஜினி. துணியில் ஒன்றாகச் சுற்றிய மூன்று சட்டிகளை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். பின்னால் டெனிஸ்ரன் சோற்றுப் பானையோடு வந்து, அதைப் பாயில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்தான்.

எமிலியானுஸ் ஆவலோடு மூடியைத் திறந்தார். பருப்பு. அடுத்த சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு. மற்றதில் முருங்கையிலைச் சொதி. ஊர் முழுக்க மீன் தின்கிற அந்த இரவில், மச்சம் தொடாமல் சமைத்திருந்தாள் நிரோஜினி. சாவீட்டுக்குக் கொண்டுபோகிற சாப்பாடு. தங்கள் வீட்டிலும் இன்றைக்கு இதுதான் என்று அவள் சொன்னாள். எமிலியானுஸ் மூடியைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டார்.

“மாமி ஒரு கதை சொல்லிவிட்டவ அக்கா,” என்று நிரோஜினி மேரிறோசிடம் சொன்னாள். “தனக்கும் நீங்கள்தான் மணி அடிக்கவேணுமாம். எமிலியானுஸ் அண்ணை அடிச்சால் சனம் ஆறுதலாய் வருமாம். நீங்கள் அடிக்க ஊரே விழுந்தடிச்சு ஓடி வந்ததாம். தனக்கும் அப்பிடி வேணுமாம்.”

மேரிறோஸ் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். காலையிலிருந்து எல்லாருக்கும் பதில் சொன்ன வாய் அது.

“சொல்லு, அவவை அவசரப்பட வேண்டாமெண்டு,” என்றாள். “எனக்குக் கை நோகுது. கயிறு இழுத்து...”

கோப்பையைக் கீழே வைத்தாள். நாள் முழுவதும் மணி என்றாள், கிடங்கு என்றாள், அடக்கம் என்றாள். இந்தச் சொல்லை மட்டும் அவள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

“பிள்ளை,” என்றாள் நிரோஜினியைப் பார்த்து. “என்ரை கப்பித்தான் செத்துப்போனான்.”

நிரோஜினி பாயில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலையோடு தலை சாய்த்து இருவரும் வாய்விட்டு அழுதார்கள். அந்தச் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கை கழுவிவிட்டு ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள்.